காஜா எந்தப் பக்கம்?

நடுவர் அவர்களே! எதிரணியில் அனல் பறக்கப் பேசிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் அண்ணன், பேராசிரியர் ஐயா, தங்கை ஆகியோரே! கடற்காற்று வாங்க வந்து காந்தி திடலில் எங்களிடம் மாட்டிக்கொண்ட புதுச்சேரிப் பெருமக்களே! வணக்கம்.

'ஆண்கள் ஆணுடையை விட்டுப் பொதுவுடைக்கு மாறுவது விடுதலையா, வேடிக்கையா?' என்பது தலைப்பு. விடுதலையே என்று பேச வந்திருக்கிறேன். நடுவர் தலைப்பைப் படித்தபோது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தொழிற்சங்கக் கூட்டம் என்று நினைத்துக் கை தட்டினார். ஐயா, அது பொதுவுடைமை. அதிலிருந்து 'மை'யை மட்டும் எடுத்துக் கண்ணில் தீட்டிக்கொண்டால் மிச்சம் பொதுவுடை. பார்த்தவுடன் இது ஆணுக்கு, இது பெண்ணுக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாத உடை. தொளதொளத்த சட்டை, கணுக்கால் தெரியும் பருத்திக் கால்சட்டை, பூப்போட்ட துணி, ஒரு கடுக்கன், மெல்லியதாக ஒரு காப்பு. அவ்வளவுதான். ஆண்கள் சேலை கட்டலாமா என்பது இன்றைய வழக்கு அல்ல. கட்டுகிறவர்களோடு எனக்கு வழக்கும் கிடையாது.

நான் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவன். வயது 46. இருபது வருடமாக என் அலமாரியில் வெள்ளை, வெளிர்நீலம், சாம்பல். கட்டம் அல்லது கோடு. கீழே நான்கு கறுப்பு பேண்ட், ஒரு பெல்ட். கதவைத் திறந்தால் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வரிசையாக நிற்பது போலிருக்கும்.

மாற்றம் எங்கே தொடங்கியது என்றால், என் அம்மாவின் முழங்காலில். மூட்டுவலி வந்த பிறகு அம்மா சேலையை விட்டு நைட்டிக்கு மாறிவிட்டார். அவருடைய சேலைகள் எல்லாம் பாச்சை உருண்டைகளோடு பெட்டியில் தூங்கின. அவற்றில் ஒரு நீலச் சுங்குடி. முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்த அந்த வெள்ளைப் புள்ளிகளைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஒன்று போல் இன்னொன்று இருக்காது. சிலவற்றின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு நீலம் எட்டிப் பார்க்கும். துவைத்துத் துவைத்துத் துணி காது மடல் போல மெத்தென்று ஆகியிருந்தது. "இதை எனக்குச் சட்டையாகத் தைத்துக்கொள்ளட்டுமா, அம்மா?" என்றேன். "பாத்திரம் துடைக்கப் போவதற்கு அது மேல்" என்றார்.

தெருமுனைத் தையற்கடைக்காரர் துணியை மேசையில் விரித்தார். "வீட்டம்மாவுக்கா தம்பி?"

"எனக்குத்தான் அண்ணே."

அளவு நாடா அவர் கழுத்தை விட்டு இறங்கவில்லை. சுங்குடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தோள் கொஞ்சம் இறங்கி, கை அகலமாக, காலர் இல்லாமல் வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார் ஒரு கேள்வி: "காஜா எந்தப் பக்கம்?"

நடுவர் அவர்களே, நாற்பது வருடமாகச் சட்டை போடுகிறவன் நான். அதில் இப்படி ஒரு பக்கப் பிரிவினை இருப்பதை அன்றுதான் கவனித்தேன். ஆண் சட்டையில் காஜா இடப்பக்கம், பொத்தான் வலப்பக்கம். பெண் சட்டையில் நேர்மாறு. வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஏன் அப்படி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். தையற்காரருக்குக் கதை வேண்டாம், பக்கம் வேண்டும். "உங்கள் கைக்கு எது வாகோ அப்படி எடுங்கள்" என்றேன்.

நான்கு நாள் கழித்துச் சட்டையை வாங்கப் போனேன். கடைச் சுவரில் இரண்டு கம்பிகள். ஒன்றில் சட்டைகள், பேண்ட்டுகள். மற்றதில் ரவிக்கைகள், சுடிதார்கள். என் சட்டை இரண்டிலும் இல்லை. "இன்னும் தைக்கவில்லையா அண்ணே?" மனிதர் கையை நீட்டினார். இரண்டு கம்பிக்கும் நடுவில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில், தேதியை மறைத்துக்கொண்டு என் சுங்குடி தொங்கியது! தையற்கூலி 350 ரூபாய். இதோ, அந்தச் சட்டையைத்தான் இப்போது போட்டிருக்கிறேன். காஜா இடப்பக்கம்தான் இருக்கிறது. பழகிய கை அல்லவா.

எதிரணி அண்ணன் 'ஆள் பாதி, ஆடை பாதி' என்று தொடங்கி, ஆணுக்கென்று முன்னோர் வகுத்த உடையை விட்டால் அடையாளமே அழிந்துவிடும் என்று குரல் தழுதழுக்க முடித்தார். அண்ணே, நீங்கள் அணிந்திருக்கும் முழுக்கைச் சட்டை, டெரிகாட்டன் பேண்ட், தோல் பெல்ட், இவற்றில் எதை எந்த முன்னோர் வகுத்தார்? முன்னோர் உடை என்றால் வேட்டி. அந்த வேட்டி கட்டிப் போன உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே 2014இல் சென்னையில் ஒரு கிளப்புக்குள் விடவில்லை. வேட்டியைக் காப்பாற்ற அதே ஆண்டு தமிழ்நாட்டில் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. வேட்டியைத் துரத்தியது என் சுங்குடி இல்லை அண்ணே, உங்கள் பேண்ட்.

அடையாளம் என்றீர்கள். தில்லைக்குப் போவோம், வாருங்கள். இங்கிருந்து பஸ் ஏறினால் கடலூரைத் தாண்டி, சாப்பாட்டு நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே ஆடிக்கொண்டிருக்கும் கூத்தனின் காதுகளைப் பாருங்கள். வலக்காதில் குழை, இடக்காதில் தோடு. ஒன்று ஆணின் அணி, மற்றது பெண்ணின் அணி. 'தோலும் துகிலும் குழையும் சுருள்தோடும்' என்று மாணிக்கவாசகர் வரிசை போடுகிறார். போட்டுவிட்டு அதற்குப் பெயரும் வைக்கிறார், 'தொன்மைக் கோலம்' என்று. தொன்மை அண்ணே, தொன்மை! நேற்று மாலை நேரு வீதியில் தள்ளுபடியில் வாங்கிய கோலம் இல்லை.

தில்லை தூரம் என்றால் வடலூருக்குப் போங்கள். வள்ளலார் படம் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீட்டுச் சுவரில் இருக்கிறது. வெள்ளைத் துணி, தலையில் முக்காடு. அந்தக் காலத்து ஊர்க்கண்ணில் வெள்ளையும் முக்காடும் யாருடைய கோலம்? கணவனை இழந்த பெண்ணின் கோலம். அவர் ஏன் அதை உடுத்தினார் என்று விளக்கம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்தப் படத்தின் முன் நின்று 'இதென்ன பெண்பிள்ளை போல' என்று நம்மில் ஒருவர் கேட்டதுண்டா? விளக்கேற்றிக் கும்பிடுகிறோம்.

என் காதுக்கு வருகிறேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, மொட்டை போட்டு, எனக்கும் காது குத்தினார்கள். என் தங்கைக்கும் குத்தினார்கள். அதே ஆசாரி, அதே அழுகை, அதே வெல்லம். அவள் காதில் துளை இன்றும் இருக்கிறது. என்னுடையது பள்ளிக்கூடம் சேர்ந்த இரண்டாம் வருடமே தூர்ந்துவிட்டது. "பையனுக்கு எதற்கு" என்று கழற்றினார்கள். போன வருடம் ஆசாரியிடம் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு மடலைத் தடவிப் பார்த்தவர், "தடம் இருக்கிறது. புதிதாகக் குத்த வேண்டாம், திறந்தால் போதும்" என்றார்.

பேராசிரியர் ஐயா வேறு வழியில் வந்தார். இது மேல்நாட்டு மோகம், பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர்களின் முன் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போன தொற்று என்றார். ஐயா, மேல்நாடு என்றால் நமக்கு பிரான்சு. 1674இல் பிரெஞ்சுக் கம்பெனி இங்கே கால் ஊன்றியபோது அவர்களுடைய அரசர் பதினான்காம் லூயி. தோளைத் தாண்டிய சுருள் பொய்முடி, பட்டுக் காலுறை, சிவப்பு நிறத்தில் உயர்ந்த குதிகால் வைத்த செருப்பு. ஆண்மை அன்று அந்தச் செருப்பில் ஏறி நின்றது. பிறகு இறங்கிவிட்டது, பெண்கள் ஏறிக்கொண்டார்கள்.

அதே நாட்டில் 1800 நவம்பரில் பாரிஸ் காவல்துறை ஓர் ஆணை போட்டது. பெண் ஆணுடை உடுத்த வேண்டுமென்றால் காவல்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். 1892இலும் 1909இலும் மனம் இரங்கினார்கள். எப்படி? கையில் குதிரையின் கடிவாளமோ சைக்கிளின் பிடியோ இருந்தால் பேண்ட் போட்டுக்கொள்ளலாம்! சைக்கிளை நிறுத்திவிட்டுக் காய் வாங்கப் போனால் குற்றம். அந்த ஆணை செல்லாது என்று அங்கே ஓர் அமைச்சர் வெளிப்படையாக அறிவித்தது 2013இல். மேல்நாடு பொதுவுடையை ஏற்றுமதி செய்ததாம்! இருநூறு வருடமாக அதற்குச் சுங்கம் அல்லவா வசூலித்துக்கொண்டிருந்தது?

இன்னொன்று. கூட்டம் முடிந்து கடற்கரைச் சாலையில் தெற்கே நடந்தால் கப்ஸ் கோயில் என்கிற மாதா கோயில் வரும். அதன் எதிரே, பிரான்சுக்காகப் போர்க்களம் போன ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) சிலை நிற்கிறது. நாம் நிலக்கடலை கொறித்துக்கொண்டே கடந்து போகும் சிலை. 1431இல் அந்தப் பெண் மீது சுமத்திய குற்றங்களில் ஒன்று, ஆணுடை அணிந்தது. மிரட்டிப் பெண்ணுடைக்கு மாற்றினார்கள். சில நாளில் சிறைக்குள்ளேயே மறுபடி ஆணுடையில் இருந்தாள். திரும்பவும் குற்றத்தில் விழுந்துவிட்டாள் என்று அதையே காரணம் காட்டி மே 30 அன்று உயிரோடு எரித்தார்கள். வயது 19 இருக்கும். அந்தத் தீர்ப்பு தவறு என்று 1456இல் சொன்னார்கள். 1920இல் புனிதர் ஆக்கினார்கள். துணி பற்றிய வழக்கு சின்ன வழக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் ஊரில் எரிக்கமாட்டார்கள், சிரிப்பார்கள். அந்த முன்னேற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், ஐயா வீட்டில் மாலை ஆறு மணிக்கு என்ன உடுத்துகிறார்? குறிஞ்சிப்பாடித் தறியில் நெய்த கைலி. இரு முனையையும் சேர்த்துத் தைத்த குழாய். அதைப் பாவாடை என்று யாரும் சொல்வதில்லை, ஐயா உடுத்தியிருப்பதால். அவர் வீட்டு அம்மா நைட்டி மேல் ஐயாவின் துண்டைப் போட்டுக்கொண்டு பால் வாங்கக் கடைக்குப் போகிறார். புதுச்சேரி முழுக்க, மாலை ஆறு மணிக்கு மேல், எல்லோரும் என் கட்சி.

கடைசியாகத் தங்கை பேசினார். அவர்தான் நிஜமாகக் குத்தினார், அதனால் அவருக்கு நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். "பெண் பேண்ட் போட்டால் அது ஏறி வருவது. ஆண் எதற்காகப் பூச்சட்டை போட்டு இறங்கி வர வேண்டும்?" என்று கேட்டார். அரங்கமே கை தட்டியது.

இறங்கி என்றீர்களே தங்கையே, எங்கிருந்து எங்கே?

பெண் சட்டை போட்டால் துணிச்சல்காரி. ஆண் வளையம் போட்டால் சீச்சீ. ஏன்? அவள் மேல்படிக்கு வருகிறாள், இவன் கீழ்ப்படிக்குப் போகிறான் என்று கணக்கு. அந்தக் கீழ்ப்படியில் உட்கார்த்தி வைத்திருப்பது உங்களை, என் அம்மாவை, என் மகளை. ஓர் அதிகாரி வேலை செய்யவில்லை என்றால் நம் ஊர்ப் போராட்டத்தில் என்ன செய்கிறோம்? தட்டில் வளையலும் சேலையும் வைத்து அவருக்குக் கொடுக்கப் போகிறோம். கையாலாகாதவனுக்குப் பெண்ணின் உடையே தண்டனை! அந்தத் தட்டைப் பல நேரம் பெண்களே ஏந்திப் போகிறார்கள், அதுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. சித்திரையில் கூவாகம் போய்ப் பாருங்கள். திருநங்கையரோடு சுற்றுக் கிராமத்து ஆண்களும் நேர்ந்துகொண்டு அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். ஒரு கடவுளுக்காகக் கட்டிக்கொண்டால் நேர்த்தி. ஓர் அலுவலகத்துக்குக் கடுக்கன் போட்டுப் போனால் இழிவா?

பேருந்து நிலையத்தில் ஒருவர் என் சட்டையையும் காதையும் பார்த்துவிட்டு, "நீங்கள் திருநங்கையா?" என்று கேட்டார். ஏளனம்தான். இல்லை என்றேன். பஸ் கிளம்பிய பிறகுதான் யோசித்தேன்: 'இல்லை' என்று சொன்ன வேகம் ஏன் அவ்வளவு? யாரோ கன்னத்தில் அடிக்க வந்ததைத் தடுத்த வேகம் அது. நாக்கு முந்திக்கொண்டது, சட்டை மாறிய அளவுக்கு ஆள் மாறவில்லை. இப்போது அதே கேள்வி வந்தால் நிதானமாக 'இல்லை' என்கிறேன், 'பாண்டிக்காரரா' என்று கேட்டால் 'ஆமாம்' என்பது போல.

முழு வெற்றி என்று பொய் சொல்லமாட்டேன். எங்கள் முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "மாதக் கடைசி இரண்டு நாள் வேண்டாம், தணிக்கைக்காரர் வருவார்." அந்த இரண்டு நாள் இன்றும் கட்டம் போட்ட சட்டைதான், பெல்ட்தான். கடுக்கன் சட்டைப்பையில் இருக்கும்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒரு குறை மட்டும் சொல்லி இறங்கிவிடுகிறேன். சுங்குடி நன்றாக இருக்கிறதே என்று அம்மாவின் இன்னொரு சேலையிலும், அரக்கு நிறம், ஒரு சட்டை தைத்தேன். ஒரு தடவைதான் போட்டேன். பொதுவுடை என்று நான் பேசிய பேச்சை வீட்டில் ஒருவர் அப்படியே நம்பிவிட்டார். அதோ, மூன்றாவது வரிசையில், என் அரக்குச் சட்டையில் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என் மனைவி. கேட்டு இரண்டு மாதமாகிறது, இன்னும் திரும்பி வரவில்லை. நடுவர் அவர்களே, மற்றத் தீர்ப்பு எப்படி வந்தாலும் சரி, அதற்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.