அழகுராணிப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் இடைநிலைப்பள்ளி மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

தீபாவளி, பொங்கல் கலைநிகழ்ச்சி என்றால் நம் பிள்ளைகளுக்கு அழகுராணிப் போட்டியும் சேர்ந்தே வந்துவிடுகிறது. மேடையில் ஒரு மாணவி நிற்பது மொத்தம் மூன்று நான்கு நிமிடம். அதற்காக அவள் மதியம் ஒரு மணிக்கே மண்டபத்துக்கு வந்து, இரவு எட்டு மணிவரை பின்னறையில் காத்திருக்கிறாள். போட்டியில் பாதி அந்தப் பின்னறையிலேயே முடிந்துவிடுகிறது. நன்றாக நடக்கத் தெரிந்த பிள்ளை, நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளை, மேடையில் வாடிப்போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவளுக்குத் திறமை குறையவில்லை. பசி, தாகம், இறுக்கிக் கட்டிய சேலை, கடிக்கும் செருப்பு, இவைதான் அவளைச் சாய்க்கின்றன. அதனால் இன்று அழகைப் பற்றிக் கொஞ்சமாகவும் பின்னறையைப் பற்றி நிறையவும் பேசப் போகிறேன்.

முதலில் சாப்பாடு. "வயிறு தெரியும், ஒன்றும் சாப்பிடாதே" என்று சொல்லும் தாய்மார்கள் தயவுசெய்து அந்தப் பேச்சை இன்றோடு விடுங்கள். மேடைக்கு மூன்று மணி நேரம் முன்பு வயிறு நிறையச் சோறோ இட்லியோ கொடுங்கள். ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம், நாலு பிஸ்கட். அன்றைக்குச் சம்பல் போட்ட நாசி லெமாக் மட்டும் வேண்டாம். தாகம் எடுக்கும், சேலையில் ஒரு சொட்டு விழுந்தாலும் கறை போகாது.

தண்ணீர் விஷயம் இன்னும் முக்கியம். சேலை கட்டிவிட்டால் கழிப்பறைக்குப் போவது கஷ்டம் என்று பிள்ளைகள் மதியத்திலிருந்தே தண்ணீரைத் தொடுவதில்லை. முடிவு அறிவிக்கும்போது எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, பிரமுகர் உரை, நன்றியுரை, பரிசு என்று இருபது நிமிடம் ஓட்டுவார்கள். முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். உடம்பில் தண்ணீரும் இல்லையென்றால் தலை சுற்றும், சிலர் விழுந்தே விடுவார்கள். தங்கைகளே, வரிசையில் நிற்கும்போது முழங்காலை லேசாகத் தளர்த்தி வையுங்கள். செருப்புக்குள் கால்விரல்களை மடக்கி மடக்கி நீட்டுங்கள். சேலைக்குள் யாருக்கும் தெரியாது.

தண்ணீர் குடிக்க வேண்டுமானால் சேலையைக் கடைசியில் கட்ட வேண்டும். ஆனால் ரவிக்கையும் உள்பாவாடையும் முதலிலேயே போட்டுவிட வேண்டும். அதற்குமேல் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை ஒன்று. தலைவழியாகக் கழற்றும் டி-சட்டை போட்டு வந்தால் ஒப்பனையும் கொண்டையும் அதோடு போய்விடும். தலை, முகம், கழிப்பறை, பிறகு சேலை. மேடைக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது கட்டினால் போதும். மாதவிடாய் நாளாக இருந்தால் கூடவரும் அக்காவிடமோ ஆசிரியையிடமோ முன்பே சொல்லிவையுங்கள். அன்றைக்கு உள்பாவாடை அடர்நிறமாக இருக்கட்டும்.

சேலையில் நடக்கும் பெரிய தவறு, வெறுங்காலோடு நின்று கட்டுவது. கட்டி முடித்துக் குதிகால் செருப்பில் ஏறினால், கரை இரண்டு அங்குலம் மேலே போய்க் கணுக்கால் தெரியும். செருப்பைப் போட்டுக்கொண்டுதான் முதல் சுற்றையே செருக வேண்டும். முன்பக்கக் கரை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். அதற்குக் கீழே இறங்கினால் மேடைப் படியில் மிதிபடும். லெபு பாசாரில் கடைக்காரர் எடுத்துப் போடுகிற கனமான காஞ்சிப் பட்டு மணப்பெண்ணுக்கானது. சரிகை அதிகம் வைத்த சேலை ஒரு கிலோவைத் தொடும்; 14 வயதுப் பிள்ளையின் இடுப்பு அதைத் தாங்கிக்கொண்டு நெடுநேரம் நிற்காது. மென்பட்டு போதும். கொசுவத்தை முதல்நாள் இரவே மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி வையுங்கள்.

ஊக்கு ஆறு போதும். இருபது ஊக்கு குத்தினால் பிள்ளை மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் துணி இழுபடும், பட்டு கிழியும். ஒவ்வொரு ஊக்கிலும் ஒரு சின்ன மணியைக் கோத்து, சுருள் முனைவரை தள்ளிவிடுங்கள். துணி அந்தச் சுருளில் சிக்காது. இப்போது எல்லாரும் மீன்வால் மாதிரி இறுக்கமான உள்பாவாடை போடுகிறார்கள். புகைப்படத்தில் நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் அது முழங்காலைக் கட்டிவிடுவதால் அடி குறுகிப்போகும், படி ஏற முடியாது. அதையே போடுவதென்றால் வீட்டுப் படிக்கட்டில் பத்து முறை ஏறி இறங்கிப் பாருங்கள்.

செருப்பு இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்; குதிகால் ஊசியாக இல்லாமல் கட்டையாக இருக்கட்டும். இரண்டு வாரம் வீட்டில் போட்டு நடந்து பழகுங்கள். புதுச் செருப்பின் அடி வழுவழுப்பாக இருக்கும், மண்டப மேடையும் வழுவழுப்பு. உப்புத்தாளால் அடியை நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டால் வழுக்காது. நடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இசை எவ்வளவு வேகமாக இருந்தாலும் நீங்கள் அதைத் துரத்த வேண்டாம். திரும்பும் இடத்தில் ஒரு மூச்சு நின்று, நீதிபதிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

இனி நிறம். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல விருப்பமில்லை. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களிலும் விற்கும் வெள்ளையாக்கும் கிரீமை வாங்கிப் பிள்ளைக்குப் பூசுகிறார்கள். பத்தே நாளில் நிறம் மாறினால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் கலந்த கிரீம்கள் பிடிபட்ட செய்தியைச் சுகாதார அமைச்சு அடிக்கடி வெளியிடுகிறது. பாதரசம் தோல்வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். அதே துண்டையும் தலையணையையும் தொடும் தம்பி தங்கைக்கும் சேரும். ஹைட்ரோகுவினோனை நாள்கணக்கில்லாமல் பூசினால் முகத்தில் நீலம்பாய்ந்த கருமை படியும். மலேசியாவில் விற்கும் அழகுசாதனத்துக்கு என், ஓ, டி என்ற எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். அதை என்.பி.ஆர்.ஏ. என்னும் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எண் இல்லையென்றால் குப்பையில் போடுங்கள்.

ஒப்பனைக் கலைஞரிடமும் உறுதியாகப் பேசுங்கள். பூச்சின் நிறத்தைக் கையில் தடவிப் பார்க்கக் கூடாது. தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் தடவி, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரண்டு படி வெளுப்பாகப் போட்டால் மாநிற முகம் மேடை விளக்கில் சாம்பல் பூத்துத் தெரியும். துத்தநாக ஆக்சைடு, டைட்டேனியம் டையாக்சைடு கலந்த வெயில் காப்புப் பூச்சு போட்டிருந்தால் பிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். படத்தில் முகம் மட்டும் வெள்ளையாக, கழுத்து வேறாக வரும். அரங்கத்துக்குள் அது தேவையும் இல்லை. ஒத்திகை நாளில் விளக்கை அணைத்து, பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். புது இமைப்பசை எதுவாக இருந்தாலும் இரண்டு நாள் முன்பே முழங்கையின் உட்பக்கம் தடவிப் பாருங்கள். நிறவில்லைகளை (கலர் கான்டாக்ட் லென்ஸ்) தோழியிடம் இரவல் வாங்கிக் கண்ணில் வைப்பது பார்வையையே பறிக்கக்கூடிய காரியம். பதிவுபெற்ற கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்து வாங்காமல் வேண்டாம்.

கேள்விச் சுற்றில் பெரும்பாலும் முப்பது விநாடி தருவார்கள். நிதானமாகப் பேசினால் தமிழில் ஐம்பது, அறுபது சொல்தான் வரும். பகடிவதை, நெகிழிப் பயன்பாடு, கைப்பேசி, தாய்மொழி என்று எதிர்பார்க்கக்கூடிய கேள்விகள்தான். ஆனாலும் முழுப் பதிலையும் மனப்பாடம் செய்தவள் ஒரு சொல் தவறினால் மொத்தமும் தவறிவிடுவாள். முதல் வாக்கியத்திலேயே பதிலைச் சொல்லுங்கள், ஒரு காரணம், உங்கள் பள்ளியில் பார்த்த ஓர் உதாரணம், நிறுத்திவிடுங்கள். ஒலிவாங்கியை நாலு விரற்கடை தள்ளி, உதட்டுக்கு நேரே வைக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் 'ப' ஒலி வெடித்துக் கேட்காது. வீட்டில் ஒரு கரண்டியைப் பிடித்தாவது பழகுங்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கு இரண்டு வார்த்தை. மதிப்பெண்ணைக் கூட்டும் முறையில்தான் பாதிச் சண்டை வருகிறது. ஒரு கணக்குப் பாருங்கள். முதல் நீதிபதி ஒரு மாணவிக்கு 84, மற்றவளுக்கு 82. இரண்டாமவர் 86, 84. மூன்றாமவர் 70, 80. மூவரில் இருவர் முதல் மாணவியைத்தான் விரும்பினார்கள். ஆனால் கூட்டினால் 240-க்கு 246 என்று இரண்டாமவள் வெல்கிறாள். ஒரே நீதிபதி இடைவெளியைப் பெரிதாகப் போட்டதால் மற்ற இருவரின் முடிவு அடிபட்டது. ஒவ்வொரு நீதிபதியின் மதிப்பெண்ணையும் முதலில் 1, 2, 3 என்று இடமாக மாற்றிவிட்டுக் கூட்டுங்கள். குறைந்த கூட்டுத்தொகை வெல்லட்டும். இங்கே 4-க்கு 5 என்று முதல் மாணவி வெல்வாள். மதிப்பெண் தாளை ஒத்திகை நாளிலேயே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இணைய வாக்குக்கு விலை வைக்காதீர்கள். எந்த வீட்டில் காசு இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும்.

பல இனப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். 2013-ல் மிஸ் மலேசியா வோர்ல்ட் இறுதிச்சுற்றுக்கு வந்த நான்கு முஸ்லிம் பெண்கள், முஸ்லிம் பெண்கள் அழகுப் போட்டியில் சேரக் கூடாது என்ற கூட்டரசுப் பிரதேசத்தின் 1996 ஃபத்வாவினால் (சமயத் தீர்ப்பு) விலக வேண்டியதாயிற்று. வகுப்புத் தோழியைப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் பிறகு பெயரை அடிப்பது அவளுக்கு அவமானம். எல்லாரும் சேரவேண்டும் என்று நினைத்தால், நிகழ்ச்சியை வேறு வடிவில் வைக்க முடியுமா என்று முன்பே பள்ளி நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள்.

உடைமாற்றும் அறைக்குள் ஒரு கைப்பேசியும் போகக் கூடாது, அம்மாவுடையதும் கூடாது. வாசலில் ஒரு கூடை வைத்து ஆசிரியை ஒருவர் உட்காரட்டும். போட்டி முடிந்த வாரத்தில், வென்றவளுக்கும் தோற்றவளுக்கும் "மாடலிங் வாய்ப்பு இருக்கிறது, படம் அனுப்பு, வீட்டில் சொல்லாதே" என்று முகம் தெரியாதவரிடமிருந்து செய்தி வரலாம். 2017-ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்டவரை அப்படி வசப்படுத்துவதே குற்றம். படம் அனுப்பியபிறகுதான் புகார் செய்ய முடியும் என்று இல்லை. செய்தியை அழிக்காதீர்கள். கைப்பேசித் திரையை அப்படியே படம்பிடித்து (ஸ்கிரீன்ஷாட்) அம்மாவிடமும் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் காட்டுங்கள். வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால் தாலியான் காசிஹ் என்னும் அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999, எந்நேரமும் எடுப்பார்கள்.