வெப்ப முள் பொய் சொல்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

[காட்சி: இரவு, காரின் டாஷ்போர்டு. ஹெட்லைட் போட்டதும் வெப்ப முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது.]

வணக்கம். இந்த முள்ளைக் கவனியுங்கள். ஹெட்லைட் போட்டால் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே ஓடும் அத்தனை லிட்டர் கூலன்ட் திரவமும் ஒரே நொடியில் சூடாகி, மறு நொடியில் ஆறிவிடுமா? ஆறாது. கோளாறு எர்த் வயரில், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியில். அந்த வயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து, இறுக்கியதும் சரியாகிவிட்டது. வருத்தம் என்னவென்றால், அதற்கு முன்பே இந்தக் காருக்கு ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் புதிதாக மாற்றியிருந்தார்கள்.

ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பொய் என்று நிரூபிக்கும் வரை முள்ளோ, சூடு என்று எச்சரிக்கும் சிவப்பு விளக்கோ சொல்வது உண்மைதான். உடனே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தால்தான் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. திறந்தால் அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும்.

[காட்சி: காலை, பானட் திறந்திருக்கிறது.]

சரி, எப்படி நிரூபிப்பது? இரவு முழுக்க நின்ற கார்தான் இதற்குச் சரியான சாட்சி. கூலன்ட் அளவைப் பார்த்த பிறகு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, காரின் கம்ப்யூட்டரில் பதிவாகும் அளவுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தையும், இன்ஜின் இழுக்கும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் வெளி வெப்பத்தை ஒட்டியே இருக்க வேண்டும். வெளியே 28 டிகிரி, காற்றும் 29, கூலன்ட் மட்டும் 70 என்றால் கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சாரோ அதன் வயரோ பொய் சொல்கிறது.

இரண்டில் எது? இந்த சென்சார் சூடு ஏற ஏற மின்தடையைக் குறைக்கும். பல கார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அதனால் வயர் அறுந்து மின்தடை உச்சத்துக்குப் போனால் கம்ப்யூட்டருக்கு அது கடுங்குளிர். வயர் உரசி எர்த்தைத் தொட்டு மின்தடை இல்லாமல் போனால் கடும் சூடு. இப்போது சென்சாரோடு வயரை இணைக்கும் கப்ளரைக் கழற்றுங்கள். பெரும்பாலான கார்களில் ஸ்கேனர் மைனஸ் 40 காட்டும். அப்படிக் காட்டினால் வயர் நல்லது, சென்சார்தான் போய்விட்டது. கழற்றிய பிறகும் சூடு என்றே காட்டினால், வயர் எங்கே உரசியிருக்கிறது என்று தேட வேண்டும்.

மழைக்குப் பிறகோ இன்ஜினை வாட்டர் வாஷ் செய்த பிறகோ விளக்கு எரிந்தால், கப்ளருக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின்களுக்கு நடுவே தண்ணீர் நின்றாலும் கம்ப்யூட்டர் சூடு என்றே நினைக்கும். காற்றடித்து உலர்த்தினால் போதும்.

இன்னொரு பொய் இதற்கு நேர் எதிர். எனக்கு மிகவும் பயம் தருவது அதுதான். கூலன்ட் கசிந்து அளவு குறைந்துவிட்டால் சென்சார் காற்றில் தொங்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும், முள்ளோ நடுவில் நிம்மதியாக நிற்கும். இன்ஜினின் மேல் பகுதியான ஹெட் வளைவதும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போவதும் பல நேரம் இப்படித்தான். ஆகவே வாரம் ஒருமுறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் டப்பாவைக் கண்ணால் பாருங்கள். அளவு அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். அப்போது சென்சாரை மாற்றிப் பயனில்லை.

[காட்சி: புதிய சென்சார் பொருத்தப்படுகிறது.]

சென்சாரை மாற்றுவதானால் இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு மாற்றுங்கள். கழற்றும்போது சிந்திய கூலன்ட்டை நிரப்புங்கள். அப்புறம் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை ஐடிலில் விடுங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியே வரும். மறுநாள் காலை அளவை மறுபடி பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்பிவிடுங்கள்.