சிறுநீரக அடைப்பு: ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் எங்கே வித்தியாசம்?

(குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

எல்லோருக்கும் வணக்கம்.

குழந்தைக்குச் சிறுநீரகத்தில் அடைப்பு, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொன்னதும் பெற்றோர் பலரும் கேட்கிறார்கள்: "பையனாக இருந்தால் ஒரு மாதிரி, பொண்ணாக இருந்தால் ஒரு மாதிரியா டாக்டர்?" ஆபரேஷன் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் நோய் கண்ணில் படும் விதம் ஒன்றல்ல. பெண் பிள்ளைகள் விஷயத்தில் அது வேறு பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டு தாமதமாகிறது. அந்தத் தாமதம்தான் என்னை உறுத்துகிறது. அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். சிறுநீரகத்தில் ஊறும் சிறுநீர், உள்ளே புனல் போன்ற ஒரு பையில் சேர்ந்து, அங்கிருந்து மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. புனலும் குழாயும் சேரும் இடத்தில் தசை சரியாக அமையாவிட்டால் சிறுநீரைக் கீழே தள்ள முடியாது. சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதிக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் குறுக்கே வந்து அழுத்துகிறது. இரண்டிலும் சிறுநீரகம் வீங்குகிறது. மருத்துவ அறிக்கையில் இந்த வீக்கத்தை 'ஹைட்ரோநெப்ரோசிஸ்' என்றும், புனலும் குழாயும் சேரும் இடத்து அடைப்பை 'பி.யு.ஜே. அடைப்பு' என்றும் எழுதியிருப்பார்கள். ஏறக்குறைய 1000 முதல் 1500 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இது இருக்கிறது. பெண் குழந்தைகளைப் போல இரண்டு மடங்கு ஆண் குழந்தைகளுக்கு வருகிறது. வலது பக்கத்தைவிட இடது பக்கத்தில்தான் அதிகம்.

கர்ப்பகால ஸ்கேனில் வீக்கம் தெரிந்தாலே ஆபரேஷன் என்று பயப்படாதீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாகவே குறைந்துவிடும். அந்தச் சிறுநீரகத்தின் பங்கு மொத்தச் செயல்பாட்டில் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரெனோகிராம் சோதனைகளில் அடுத்தடுத்து 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, வலியோ தொற்றோ கல்லோ வந்தாலோதான் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவோம். இந்த அளவுகோலில் பையன், பெண் என்ற வேறுபாடு கிடையாது.

பையன்களிடம் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இரண்டு சிறுநீரகமும் வீங்கி, சிறுநீர்ப்பைச் சுவரும் தடித்திருந்தால், அடைப்பு மேலே இல்லாமல் கீழே, சிறுநீர் வெளியேறும் பாதையில் இருக்கலாம். அங்கே ஒரு மெல்லிய சவ்வு வழிமறிக்கும், 'வால்வு' என்போம். இது ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வரும். சிறுநீர்ப்பையில் மருந்தைச் செலுத்தி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். வால்வு இருந்தால் சிகிச்சையே வேறு, அவசரமும் அதிகம். அடுத்தது, பிறந்த முதல் சில மாதங்களில் சிறுநீர்த் தொற்று ஆண் குழந்தைகளுக்குத்தான் அதிகம். முன்தோலின் அடியில் கிருமி தங்குவது ஒரு காரணம். வீக்கம் இருப்பது தெரிந்த ஆண் குழந்தைக்குக் காரணம் புரியாமல் காய்ச்சல் வந்தால், அன்றைக்கே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அதற்காக முன்தோலைப் பலவந்தமாகப் பின்னுக்கு இழுத்துக் கழுவ வேண்டாம். அது கிழிந்து, தழும்பாகி, புதுப் பிரச்சினையைக் கொண்டுவரும்.

சரி, இப்போது பெண் பிள்ளைகளுக்கு வருவோம். ஒரு வயது தாண்டியதும் சிறுநீர்த் தொற்று அவர்கள் பக்கம் சாய்கிறது, சிறுநீர்ப்பாதை குட்டையாக இருப்பதால். அடிக்கடி பார்க்கிற தொல்லை என்பதால் மாத்திரையோடு முடித்துவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. காய்ச்சலோடு வரும் தொற்று, திரும்பத் திரும்ப வரும் தொற்று, இரண்டுக்கும் வயிற்று ஸ்கேன் கட்டாயம் வேண்டும்.

அப்புறம் வலி. பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். திடீரென்று வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுக்கிறாள். இரண்டு முறை வாந்தி எடுக்கிறாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் விலாவைக் காட்டாமல் தொப்புளைக் காட்டுகிறாள். குழந்தைகள் பெரும்பாலும் அப்படித்தான் காட்டுவார்கள். சில மணி நேரத்தில் வலி போய்விடுகிறது, ஓடி விளையாடுகிறாள். மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே கதை. முதலில் 'கேஸ்' என்கிறோம், பிறகு 'ஸ்கூலுக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள்' என்கிறோம், வயதுக்கு வந்த பிறகு 'மாதவிடாய் வலி' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தக் கடைசிப் பெயர் பையன்களுக்குக் கிடையாது. பெண் பிள்ளைக்கு அது ஒட்டிக்கொண்டால் வருடக்கணக்கில் யாரும் சிறுநீரகத்தை நினைப்பதே இல்லை. ஒவ்வொரு முறை அடைபடும்போதும் அந்தச் சிறுநீரகம்தான் அடி வாங்குகிறது.

வலி வந்த தேதியையும் மாதவிடாய்த் தேதியையும் ஒரே காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டும் சேர்ந்து வரவில்லை என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். நிறையத் தண்ணீரோ ஜூஸோ குடித்த பிறகு வலி வருகிறதா என்று பாருங்கள். இந்த நோயில் அப்படி வரும். முக்கியமாக, வலி இருக்கும்போதே ஸ்கேன் எடுங்கள். வலி போய் ஒரு வாரம் கழித்து எடுத்தால் வீக்கம் வடிந்து, 'நார்மல்' என்றுகூட அறிக்கை வரலாம். ரத்தக்குழாய் குறுக்கே அழுத்தும் வகை பெரும்பாலும் இப்படி விட்டுவிட்டுத்தான் தொல்லை கொடுக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நேரத்துக்கு பாத்ரூம் போகிறாள், ஆனாலும் உள்ளாடை எப்போதும் லேசாக ஈரமாகவே இருக்கிறது என்றால், தயவுசெய்து அந்தக் குழந்தையைத் திட்டாதீர்கள். சோம்பேறித்தனம் என்று அடி வாங்கிய குழந்தைகள் எத்தனையோ! சில பெண் குழந்தைகளுக்கு ஒரு பக்கத்தில் இரண்டு சிறுநீர்க்குழாய்கள் இருந்து, அதில் ஒன்று சிறுநீரை அடக்கும் தசைக்குக் கீழே போய்த் திறந்திருக்கும். அவளால் எப்படி அடக்க முடியும்? ஆண் குழந்தைகளுக்கு அந்தக் குழாய் இடம் மாறினாலும் அடக்கும் தசைக்கு மேலேயே திறப்பதால், இந்த விதமான ஓயாத கசிவு அவர்களுக்கு வருவதில்லை.

இனி ஆபரேஷன். ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற மருத்துவர்கள் 1949-ல் விவரித்த பைலோபிளாஸ்டி முறையைத்தான் இன்றும் செய்கிறோம். குறுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல குழாயின் வாயை அகலமாக்கி, தானாகக் கரையும் மெல்லிய நூலால் சிறுநீரகப் புனலோடு சேர்த்துத் தைப்போம். குறுக்கே ரத்தக்குழாய் இருந்தால் அதை வெட்ட மாட்டோம், அதுவும் சிறுநீரகத்துக்கு ரத்தம் கொடுக்கிறது. குழாயை அதற்கு முன்பக்கம் கொண்டுவந்து தைப்போம். சின்னக் குழந்தைக்கு விலாவில் சிறிய கீறல் போதும், வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியோ ரோபோவோ உதவும். பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி, 90 சதவீதத்துக்கு மேல் வெற்றி கிடைக்கிறது. தைத்த இடத்தில் சிறுநீர் தடையின்றி இறங்க உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தால், சில வாரங்களில் சிறுநீர்ப்பாதை வழியாக எடுத்துவிடுவோம். பையன்களுக்கு அந்தப் பாதை நீளமும் குறுகலுமாக இருப்பதால் அதற்கேற்ற மெல்லிய கருவி வேண்டும். எடுத்த பிறகு ஓரிரு நாள் எரிச்சல் இருவருக்கும் உண்டு.

பெண்ணைப் பெற்றவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்று உண்டு: "பின்னால் குழந்தை பெறுவதில் ஏதாவது சிக்கல் வருமா?" வராது. இந்த ஆபரேஷனில் கர்ப்பப்பையையோ சினைப்பையையோ நாங்கள் தொடுவதே இல்லை. பையன்களின் விரைகளுக்கும் இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் பெண்ணுக்குப் பிற்காலத்தில் ஒரு காரியம் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் பெரும்பாலான பெண்களுக்குச் சிறுநீரகம் கொஞ்சம் விரிவது இயல்பு, அதிலும் வலது பக்கம். ஆபரேஷன் செய்த சிறுநீரகமோ, அடைப்பு நீங்கிய பிறகும் ஸ்கேனில் சற்று விரிந்தே தெரியலாம். இரண்டும் சேரும்போது பார்க்கிற மருத்துவருக்குக் குழப்பம் வரும். எனவே ஆபரேஷன் குறிப்பையும், அதற்குப் பிறகு எடுத்த கடைசி ஸ்கேன், ரெனோகிராம் அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருந்து, அவள் வளர்ந்ததும் அவள் கையிலேயே கொடுங்கள். பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே அவள் அதைக் காட்ட வேண்டும்.