அன்னக்கூடையில் வந்த பங்கு

நேயர்களுக்கு வணக்கம், ஸ்தோத்திரம்.

நாங்கள் கடலூர் முதுநகரில் குடியிருந்தபோது அப்பா விசைப்படகில் கடலுக்குப் போவார். மீனை விற்று, டீசல் செலவு கழித்து, மிச்சத்தைப் பங்கு போடுவார்கள். கடலுக்குப் போனவனுக்குத்தான் பங்கு. ஒரு தடவை, கணக்கில் தப்பு என்று படகுக்காரரை நாலு பேர் முன்னால் அப்பா வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே கால் முறிந்து படுத்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் அந்தப் படகுக்காரரே எங்கள் வாசலில் நின்றார். கையில் அன்னக்கூடை, அதில் சங்கரா மீன், பக்கத்தில் துணியில் முடிந்த பங்குப் பணம். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “கடலுக்கே வரலியே அண்ணே, எனக்கேது பங்கு?” “பிள்ளைங்க சாப்பிடட்டும்” என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வேலை செய்கிறவனுக்குக் கொடுப்பது கூலி, அது கடன். கிருபை அப்படியல்ல என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார். அடுத்த அதிகாரத்திலேயே, நாம் பாவிகளாக இருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறார். அந்த ‘இருக்கும்போதே’யைத் தாண்டி என்னால் சீக்கிரம் போக முடிவதில்லை. திருந்தி, மன்னிப்புக் கேட்டு வந்த பிறகு அல்ல. இதை எழுதியவர் யார்? கிறிஸ்துவுக்குச் சாட்சியாக நின்ற ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது, கொன்றவர்களின் துணிக்குக் காவல் இருந்தவர்.

ஆனாலும் இலவசமாக வாங்கிக்கொள்வது லேசில்லை. ஜெபம், உபவாசம், காணிக்கை எல்லாவற்றையும் நானும் பல வருஷம் தவணை கட்டுகிற மாதிரிதான் செய்தேன். ஒரு ஞாயிறு ஆலயத்துக்குப் போகாவிட்டால் ஆண்டவர் கணக்கில் குறைத்துக்கொள்வார் என்று பயம். அந்தப் பயத்தோடு ஸ்தோத்திரம் சொன்னால் அது வாயோடு நின்றுவிடுகிறது.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டத்தில் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் முழு நாளுக்குரிய ஒரு பணம் கிடைக்கிறது. பகலெல்லாம் வெயிலில் நின்றவர்கள் முறுமுறுத்தார்கள். ஆனால் அந்தக் கடைசி ஆள் வீட்டுக்குப் போய் என்ன செய்தான் என்று இயேசு சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியும். அம்மா குழம்பு வைத்தார். முதல் வாய்ச் சோற்றைக் கையில் பிசைந்தபடியே அப்பா அழுதார்.

வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பார்களே. மறுநாள் காலையில் அன்னக்கூடையைத் துலக்கிவிட்டு, அதில் போட ஏதாவது இருக்கிறதா என்று அம்மா அடுப்படி முழுக்கத் தேடினார். அப்புறம் கொல்லை முருங்கையில் இரண்டு கொத்துக் கீரை ஒடித்துப் போட்டு, என்னிடம் கொடுத்தனுப்பினார். அந்த மீனுக்கு அது விலையாகுமா? படகுக்காரர் வீட்டம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை என் வரிசைக்கு வரும்போதெல்லாம் எனக்கு அந்த முருங்கைக்கீரைதான் ஞாபகம் வருகிறது.