ஒரு பிரின்டர், இரண்டு கணினி: டிரைவர் தகராறைத் தீர்ப்பது எப்படி?

[காட்சி: பெங்களூரு அல்சூரில் ஒரு வீட்டுக் கூடம். மேசைக் கணினி. அதனுடன் யூஎஸ்பி கம்பியால் இணைந்த லேசர் பிரின்டர். சோபாவில் மடிக்கணினி, அதன் திரையில் பிழைச் செய்தி.]

வணக்கம். கம்பி வழியே ஒரே ஒரு கணினியோடு மட்டும் பேசும் பிரின்டரை வீட்டிலுள்ள மற்றக் கணினிகளுக்கும் பொதுவாக்குவது பற்றிய வீடியோ இது. விண்டோஸில் இதற்கான வசதி பல காலமாக இருக்கிறது. ஆனால் மடிக்கணினியில் இணைக்கப் போனால் 'டிரைவர் கிடைக்கவில்லை' என்றோ, புரியாத எண் ஒன்றோ வந்து நிற்கும். டிரைவர் என்பது பிரின்டரோடு பேசக் கணினிக்கு வேண்டிய மென்பொருள்.

இது என் மாமா வீடு. எஸ்.பி. ரோடு கடையில் கேட்டபோது, "டிரைவர் கெட்டுப்போய்விட்டது, விண்டோஸையே புதிதாகப் போட வேண்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"மாமா, மேசைக் கணினியிலிருந்து அச்சாகிறதா?"

"அதில் ஒரு குறையும் இல்லையப்பா. உன் அத்தை நேற்றுகூட மின்கட்டண ரசீது எடுத்தாள்."

அப்படியானால் விண்டோஸை அழித்துப் போட வேண்டிய அவசியமே இல்லை. அந்த வேலைக்குக் கூலி கேட்பவரிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

[திரையில்: மேசைக் கணினி, மடிக்கணினி, இடையே மூன்று அம்புக்குறிகள்.]

முதலில் தடை எந்த இடத்தில் என்று பாருங்கள். மேசைக் கணினியிலேயே சோதனைப் பக்கம் வரவில்லையென்றால் பகிர்வை மறந்துவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். அங்கே வருகிறது, ஆனால் மடிக்கணினியிலிருந்து மேசைக் கணினியைத் திறக்கவே முடியவில்லை, அல்லது கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றால், அது நெட்வொர்க், அனுமதி சார்ந்த கோளாறு. பிரின்டரின் பெயர் தெரிகிறது, இணைக்கும்போதுதான் பிழை என்றால், பெரும்பாலும் டிரைவரை வாங்கும் கட்டத்தில் தகராறு. இணைந்துவிட்டது, ஆனால் தாளில் கிறுக்கல் வருகிறது என்றால் தவறான டிரைவர்.

அனுமதிப் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கணினிகளிலும் வைஃபை 'பிரைவேட்' என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 'பப்ளிக்' என்றிருந்தால் ஒன்று மற்றொன்றின் கண்ணில் படாது. கடவுச்சொல் கேட்டால் நான்கு இலக்கப் பின் எண்ணைத் தட்டாதீர்கள். அது அந்த ஒரு கணினிக்கு மட்டுமே செல்லும், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. கணக்கின் முழுக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். நினைவில் இல்லையா? மேசைக் கணினியில் இதற்கென்றே கடவுச்சொல்லுடன் தனி லோக்கல் பயனர் ஒருவரை உருவாக்கிவிடுங்கள்.

இனி டிரைவர் விஷயம். இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

[திரையில்: ஓர் 'அ' எழுத்து புள்ளிகளாகச் சிதறி, வரிசை வரிசையாகப் பிரின்டருக்குள் போகிறது.]

சில பிரின்டர்களுக்கு பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பக்க மொழிகள் தெரியும். 'இந்த எழுத்தை இந்த இடத்தில் போடு' என்று சொன்னால் தாமே வரைந்துகொள்ளும். வீடுகளில் அதிகம் காணப்படும் மலிவான லேசர் பிரின்டர்கள் பலவும் அப்படியல்ல. கேனன் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவற்றில் பக்கத்தை வரையும் வேலை முழுவதையும் கணினியே செய்கிறது. பிரின்டருக்குப் போவது வரைந்து முடித்த புள்ளிகள், அதுவும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில். ஆகவே பெயர் கொஞ்சம் ஒத்துப்போகிறதே என்று வேறொரு மாடலின் டிரைவரைப் போட்டால் இவற்றில் வேலை நடக்காது. 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' டிரைவர்களும் இந்த வகையிடம் பொதுவாகத் தோற்றுப்போகும்.

பகிர்ந்த பிரின்டரை நீங்கள் இணைக்கும்போது, மடிக்கணினி தனக்கு வேண்டிய டிரைவரை மேசைக் கணினியிடமே கேட்டு வாங்கப் பார்க்கிறது. 'பாயின்ட் அண்டு பிரின்ட்' என்று இதற்குப் பெயர். வசதியான ஏற்பாடுதான். ஆனால் மேசைக் கணினியில் 32 பிட் விண்டோஸ் இருந்தால் அதனிடம் இருப்பது 32 பிட் டிரைவர். விண்டோஸ் 11-இலோ 32 பிட் பதிப்பே கிடையாது, ஆகவே அது உள்ள மடிக்கணினிக்கு அந்த டிரைவர் உதவாது. கேட்டது கிடைக்காமல் இணைப்பு நின்றுவிடும். கம்பியில் நேராகச் செருகினால் அச்சாகும் பிரின்டர் பகிர்வில் மட்டும் அடம்பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் 2021-இல் வந்தது. அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் 'பிரின்ட் ஸ்பூலர்' சேவை, விண்டோஸில் மிக உயர்ந்த அதிகாரத்தோடு இயங்குகிறது. வாட்ச்மேன் கையில் பீரோச் சாவியையும் கொடுத்து வைத்திருப்பது போல. டிரைவர் என்ற பெயரில் நச்சு நிரலைக் கொடுத்து அந்த அதிகாரத்தைப் பறிக்க முடியும் என்பது அந்த ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் வெளியானது. 'பிரின்ட்நைட்மேர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 2021 ஆகஸ்ட் 10-இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு, பகிர்வு வழியாக டிரைவர் நிறுவ நிர்வாகி உரிமை கட்டாயமானது.

பெங்களூரு வீடுகளுக்கு இதில் தனிச் சங்கடம் உண்டு. கூடத்தில் இருப்பது பெரும்பாலும் அலுவலகம் கொடுத்த மடிக்கணினி. அதில் நீங்கள் நிர்வாகி அல்ல. போதாக்குறைக்கு, அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் வேறு: இணைந்திருக்கும்போது பல அலுவலகங்களின் விபிஎன் வீட்டு நெட்வொர்க்கையே மறைத்துவிடும். அந்தக் கணினியோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆவணத்தை பிடிஎஃப் ஆக்கி, அலுவலக விதி அனுமதித்தால், மேசைக் கணினிக்கு அனுப்பி அங்கிருந்து அச்சிடுங்கள்.

[திரையில்: 11பி என்று முடியும் பிழைச் செய்தி.]

மாமாவின் சொந்த மடிக்கணினியில் வருவது இந்த எண். வரிசையாகச் சுழியங்கள், கடைசியில் 11பி. 2021 செப்டம்பர் அப்டேட்டுகளிலிருந்து, இரண்டு கணினிகளும் அச்சு வேலை பற்றிப் பேசிக்கொள்ளும்போது கூடுதல் பாதுகாப்புக் கட்டாயமாயிற்று. ஒன்று அப்டேட் ஆகி, மற்றொன்று ஆகாமல் கிடந்தால் பேச்சு முறிகிறது. விண்டோஸின் உள் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணைச் சுழியமாக்கினால் சரியாகிவிடும் என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். சரியாகும், உண்மைதான். அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடுகிறோம் என்பதை மட்டும் அவற்றில் பலவும் சொல்வதில்லை. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் இரண்டு கணினிகளிலும் எல்லா அப்டேட்டுகளையும் போடுங்கள். மேசைக் கணினியில் விண்டோஸ் 7 இருந்தால், அதற்கான வழக்கமான ஆதரவு 2020 ஜனவரி 14-இலேயே முடிந்துவிட்டது. பிரின்டர் கம்பியைப் புதிய கணினியில் செருகி, பகிரும் பொறுப்பை அதற்கு மாற்றுவதே மேல்.

அப்படியும் சரியாகவில்லையா? டிரைவரைப் பகிர்வு வழியாக வாங்கும் பழக்கத்தையே விட்டுவிடலாம்.

[காட்சி: கம்பியை மேசைக் கணினியிலிருந்து உருவி மடிக்கணினியில் செருகும் கை.]

பிரின்டர் கம்பியை ஒரு முறை மடிக்கணினியிலேயே செருகுங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்து, உங்கள் மாடலுக்கும் உங்கள் விண்டோஸுக்கும் உரிய டிரைவரை இறக்கி நிறுவுங்கள். சோதனைப் பக்கம் எடுத்துப் பாருங்கள். வந்துவிட்டதா? டிரைவர் நல்ல டிரைவர்தான் என்பது உறுதியாகிவிட்டது. இப்போது கம்பியை மேசைக் கணினிக்கே திருப்பிக் கொடுங்கள். மடிக்கணினியில் நிறுவிய டிரைவர் அங்கேயே இருக்கும். அது அனுப்பும் இடத்தை மட்டும் மாற்றப் போகிறோம்.

[திரையில்: பிரின்டர் பிராப்பர்டீஸ் சாளரம், 'போர்ட்ஸ்' பக்கம்.]

பிரின்டர் பிராப்பர்டீஸில் 'போர்ட்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். யூஎஸ்பி என்று தொடங்கும் வரியில் டிக் இருக்கும். 'ஆட் போர்ட்' அழுத்தி, 'லோக்கல் போர்ட்' தேர்ந்தெடுத்து, 'நியூ போர்ட்' கொடுங்கள். சிறிய பெட்டி ஒன்று திறக்கும். அதில் இரண்டு பின்சாய்கோடுகள், மேசைக் கணினியின் பெயர், மறுபடி ஒரு பின்சாய்கோடு, பகிர்ந்த பிரின்டரின் பெயர். நடுவில் இடைவெளி கூடாது. சாய்கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத் தட்டுங்கள். இணைய முகவரியில் வரும் சாய்கோடு அல்ல இது. பகிர்வுப் பெயரும் குட்டியாக, இடைவெளி இல்லாமல் இருந்தால் நல்லது. 'அத்தை ரூம் பிரின்டர் புதுசு' என்று மாமா வைத்திருந்ததை 'லேசர்' என்று மாற்றியாயிற்று.

பெட்டி மூடியதும் புதிய வரியில் டிக் விழுந்திருக்கும். அவ்வளவுதான். இனி மடிக்கணினி தன் சொந்த டிரைவரால் பக்கத்தைத் தயாரித்து, பகிர்ந்த ஃபோல்டரில் கோப்பை எழுதுவது போல் மேசைக் கணினியிடம் எழுதிவிடும். டிரைவர் கொடுக்கல் வாங்கலும், 11பி-யில் முறிந்த அந்தப் பேச்சும் இல்லாததால் 11பி எட்டிப் பார்க்காது. ஒரு குறை உண்டு: இது ஒருவழிப் பாதை. டோனர் எவ்வளவு மீதி, தாள் சிக்கியதா என்ற தகவல் திரும்பி வராது. பிரின்டரின் பதிலுக்காகக் காத்திருக்கும் டிரைவர்கள் சில உண்டு. அவற்றிடம் இந்த வழி பலிக்காது.

[காட்சி: பிரின்டர் தாள் தாளாகத் துப்புகிறது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி.]

தவறான டிரைவர் போட்டால் இந்தக் கூத்து. ஒரு தாளை எடுத்து மேல்வரியைப் படியுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சதவீதக் குறி, ஆச்சரியக் குறி, அதை ஒட்டி பிஎஸ், பிறகு அடோபி என்று ஆங்கிலத்தில் இருக்கிறதா? போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாத பிரின்டருக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் போயிருக்கிறது. கட்டளையை அது வெறும் எழுத்தாக நினைத்து அச்சடிக்கிறது. 'அட்' குறியோடு பிஜேஎல் என்றிருந்தால் அதுவும் பிரின்டருக்கான கட்டளைதான், அச்சில் வரவே கூடாதது. இரண்டிலும் டிரைவரை மாற்ற வேண்டும்.

அதற்கு முன் துப்புவதை நிறுத்த வேண்டுமே. தாள் தட்டை உருவி, பிரின்டரை அணையுங்கள். 'சர்வீசஸ்' சாளரத்தில் பிரின்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ். அதிலுள்ள கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அல்ல. பிறகு ஸ்பூலரைத் தொடங்குங்கள். இதை இரண்டு கணினிகளிலும் செய்ய வேண்டும், மேசைக் கணினியில் கட்டாயம். வேலை அங்கே தேங்கியிருந்தால், மடிக்கணினியில் எத்தனை முறை ரத்து செய்தாலும் பிரின்டர் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பிரின்டரை நீக்கினாலே டிரைவரும் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். அது உள்ளேயே இருந்து, அடுத்த முறை இணைக்கும்போது தானாக ஒட்டிக்கொள்ளும். 'பிரின்ட் சர்வர் பிராப்பர்டீஸ்' சாளரத்தில் 'டிரைவர்ஸ்' பக்கம் இருக்கிறது. அங்கே பழையதைத் தேர்ந்து 'ரிமூவ்' கொடுத்தால் இரண்டு வாய்ப்புகள் வரும்; டிரைவர், தொகுப்பு இரண்டையும் நீக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று மறுத்தால், ஸ்பூலரை நிறுத்தித் தொடங்கிய கையோடு மறுபடி முயலுங்கள்.

[திரையில்: ஒரு கொலு அழைப்பிதழ். ஆங்கிலத் தேதி சரி. தமிழ் வரிகளில் கட்டங்கள்.]

தமிழ் மட்டும் கட்டம் கட்டமாக வந்தால், டிரைவரைத் தொடுவதற்கு முன் எழுத்துருவைப் பாருங்கள். யூனிகோட் வருமுன் தட்டச்சு செய்த பழைய கோப்பு என்றால், அந்தப் பழைய எழுத்துரு இந்தக் கணினியில் இல்லாமல் இருக்கலாம். திரையில் சரியாகத் தெரிந்து தாளில் மட்டும் கெட்டால், பிடிஎஃப் ஆக்கி, அடோபி ரீடரில் 'அட்வான்ஸ்டு' பகுதியிலுள்ள 'பிரின்ட் ஆஸ் இமேஜ்' டிக் செய்து எடுங்கள். விண்டோஸின் சோதனைப் பக்கத்தில் தமிழ் இருக்காது. ஆகவே நம் வீடுகளில் நான்கு தமிழ் வரிகளை அடித்துச் சோதிப்பதே சரி.

நேற்றுவரை வந்தது, கரண்ட் போய் வந்த பிறகு காணவில்லை என்றால் டிரைவரைத் திட்டாதீர்கள். ரூட்டர் மறுபடி எழும்போது கணினிகளுக்கு வேறு ஐபி எண்களைக் கொடுத்திருக்கலாம். போர்ட்டில் ஐபி எண்ணுக்குப் பதில் கணினிப் பெயரை எழுதச் சொன்னது இதற்காகத்தான். மேசைக் கணினி உறங்கப் போனாலும் பிரின்டர் மறைந்துவிடும். உறக்க நேரத்தை நீட்டி வையுங்கள்.

புதிய பிரின்டர் வாங்குவதாக இருந்தால் கடையில் விலைக்கு முன் கேட்க வேண்டியது, வைஃபை உண்டா, ஏர்பிரின்ட் அல்லது மோப்ரியா முத்திரை உண்டா என்பதுதான். அத்தகைய பிரின்டர் ஐபிபி என்ற பொது நெறிமுறையில் பேசும். விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் பொது டிரைவரே போதும், மேசைக் கணினி இடைத்தரகராக இருக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டும் இந்தத் திசையில்தான் போகிறது: நிறுவனங்களின் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்துவதாக 2023 செப்டம்பரில் அறிவித்தது. ஸ்னாப்டிராகன் சில்லு உள்ள மடிக்கணினி வாங்குபவர்களுக்கு இது இன்னும் அவசரம். அவற்றின் சில்லு ஏஆர்எம் என்ற வேறு வகை என்பதால் அதற்குரிய டிரைவர் தனியாக வேண்டும், பழைய லேசர் பிரின்டர்கள் பலவற்றுக்கு அது கிடைக்காது. பணம் கட்டுவதற்கு முன், பிரின்டர் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலைத் தேடி, ஏஆர்எம் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.