டாங்கிக்கு முன்னால் ஒரு படம்

(கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, மழையையும் காலி வீதி நெரிசலையும் தாண்டி வந்திருக்கும் பெரியோர்களே, தம்பி தங்கைமாரே, வணக்கம்.

2006 செப்டெம்பர் 19 இரவு பாங்கொக் தெருக்களில் டாங்கிகள் இறங்கின. தாய்லாந்துப் பிரதமர் தக்சின் சினவாத்ரா அப்போது ஐ.நா. பொதுச்சபைக்காக நியூயோர்க்கில் இருந்தார். அங்கிருந்தபடியே தொலைபேசியில் தன் நாட்டுத் தொலைக்காட்சிக்கு வந்து அவசரகால நிலையை அறிவித்தார். பாதியிலேயே ஒளிபரப்பை வெட்டிவிட்டார்கள். ஜெனரல் சொந்தி பூன்யரத்கலின் தலைமையில் இராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

மறுநாள் விடுமுறை. வங்கி, பள்ளிக்கூடம், பங்குச்சந்தை எல்லாம் பூட்டு. சனம் என்ன செய்தது? பிள்ளைகளுக்கு நல்ல உடுப்புப் போட்டு டாங்கி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனது. சிப்பாய்களுக்கு ரோஜாப்பூ, தண்ணீர்ப் போத்தல், சோற்றுப் பொதி. டாங்கியின் குழாயில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தது. மன்னர் பூமிபோல் பிறந்தது திங்கட்கிழமை, அந்நாட்டு வழக்கப்படி திங்களின் நிறம் மஞ்சள். அவர் அரியணை ஏறி 60 ஆண்டு நிறைந்த வருடம் அது. ஆகவே அந்த ரிப்பன் வெறும் அலங்காரமில்லை. நாங்கள் யாருடைய ஆட்கள் என்று பாருங்கள் என்று ஊருக்குச் சொல்கிற ரிப்பன். சில நாள் கழித்துக் குட்டை உடுப்போடு நடனக்காரப் பெண்கள் வந்து டாங்கிகளின் முன்னால் ஆடவும் செய்தார்கள். அதற்குமேல் போனால் மரியாதை கெட்டுவிடும் என்று இராணுவமே தடுக்க வேண்டி வந்தது.

இந்தக் கூட்டத்துக்குள்தான் நம்முடைய வெள்ளைக்கார உல்லாசப் பயணி வருகிறார். அரைக்காற்சட்டை, முதுகில் பை, கையில் கமரா. முதல்நாள் கோயில் பார்த்தார், இன்றைக்கு டாங்கி பார்க்கிறார். சிப்பாயின் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தபடி ஒரு படம். சிப்பாயும் சிரிக்கிறான். அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. "பாருங்கள், எவ்வளவு அமைதி" என்பதற்கு அதைவிட நல்ல விளம்பரம் எந்த ஜெனரலாலும் காசு கொடுத்து எடுத்திருக்க முடியாது.

நான் அந்தப் பயணியைத் திட்டுவதற்காக இங்கே வரவில்லை. அவருக்கு அந்த ஊரின் அரசியல் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை. விமானம் ஓடுமா, ஹோட்டலில் காலைச் சாப்பாடு கிடைக்குமா, இது இரண்டும்தான் அவர் கேள்வி. இரண்டுக்கும் பதில் ஆம். புதிய சுவர்ணபூமி விமான நிலையம்கூட, குறித்த தேதி தவறாமல், இராணுவப் புரட்சி நடந்து ஒன்பதாம் நாள் செப்டெம்பர் 28இல் திறக்கப்பட்டது. புறக்கோட்டையிலிருந்து உடுப்பு எடுக்கப் பாங்கொக் போய்வரும் நம் வியாபாரிகளும் இதே இரண்டு கேள்வியோடுதான் போவார்கள். கூடவே அந்நாட்டு நாணயமான பாத் என்ன விலை என்ற மூன்றாவது கேள்வியும் இருக்கும்.

ஊர்ச் சனத்தின் சந்தோஷத்தையும் நான் பொய் என்று சொல்லமாட்டேன். மறுநாளே எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் நூற்றுக்கு 84 பேர் புரட்சிக்கு ஆதரவு என்றார்கள். பாங்கொக் நடுத்தர வர்க்கத்துக்குத் தக்சின்மேல் கோபப்பட நியாயம் இருந்தது. அந்த வருடம் ஜனவரியில் அவர் குடும்பம் தன் தொலைத்தொடர்பு நிறுவனப் பங்குகளை சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்குக்கு 7,300 கோடி பாத்துக்கு விற்றது, வரி கட்டவில்லை. 2003இல் அவர் நடத்திய போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் 2,000 பேருக்குமேல் செத்தார்கள். 2004இல் தெற்கே தாக் பாயில் 85 முஸ்லிம்கள் இறந்தார்கள். பெரும்பாலானோர் இராணுவ லொறிகளில் அடுக்கடுக்காகப் படுக்கவைத்து ஏற்றப்பட்டு மூச்சுமுட்டிச் செத்தவர்கள். இந்த மனிதனுக்காக யாராவது அழ வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் லொறியில் அடுக்கியது யார்? இராணுவம். இப்போது பூ வாங்கிக்கொண்டு நிற்பதும் அதே இராணுவம்தான்.

அந்த 84க்கு வருகிறேன். தெருமுனையில் டாங்கி நிற்கும்போது வந்து கேள்வி கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? நமக்குத் தெரியாததா? ஐந்து பேரோ அதற்கு மேலோ அரசியல் பேசக் கூடக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்கள். மக்களிடம் கேட்டு எழுதியது என்று பேர்பெற்ற 1997 அரசியலமைப்பு ஒரே இரவில் செல்லாமல் போயிருந்தது. தக்சினுக்கு வாக்குப் போட்ட வடக்கிலும் வடகிழக்கிலும், 30 பாத் கொடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்ற திட்டத்தால் முதன்முதலாக வைத்தியம் கண்ட கிராமத்துச் சனம் இருந்தது. அவர்கள் பாங்கொக் வந்து பூக் கொடுக்கவில்லை. அவர்களைப் படம் எடுக்கவும் அங்கே யாரும் போகவில்லை. 2007 டிசெம்பரில் தேர்தல் வைத்தபோது தக்சினின் ஆட்களே மறுபடி வென்றார்கள். படத்துக்கு வெளியே நின்றவர்கள் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரே ஒரு மனிதரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நுவாம்தோங் பிரைவன். அறுபது வயது, பாங்கொக்கில் டாக்சி ஓட்டுபவர். புரட்சி நடந்து பதினோராம் நாள், செப்டெம்பர் 30 காலையில், தன் டாக்சியின்மேல் நாட்டை நாசமாக்குகிறார்கள் என்று தானே எழுதிக்கொண்டு, அரச சதுக்கத்தில் நின்ற டாங்கி ஒன்றின்மேல் வேகமாகக் கொண்டுபோய் மோதினார். டாக்சியின் முன்பக்கம் நொறுங்கியது, டாங்கிக்கு ஒரு கீறல். ஆள் காயத்தோடு பிழைத்துக்கொண்டார். அதே டாங்கிகள் முன்னால்தான் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இராணுவத் தரப்பில் பேசவல்ல அதிகாரி ஒருவர், கொள்கைக்காக உயிரைக் கொடுக்கிற அளவுக்கு யாரும் இருக்கமாட்டார்கள் என்ற பொருளில் ஏதோ சொல்லிவைத்தார். ஒக்டோபர் 31 இரவு நுவாம்தோங், ஜனநாயகத்தைப் பற்றிய கவிதை அச்சிட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, பெரிய பத்திரிகை ஒன்றின் அலுவலகத்துக்கு எதிரே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த அதிகாரிக்குப் பதில் சொல்லவே இதைச் செய்கிறேன் என்று கடிதமும் எழுதி வைத்திருந்தார்.

இப்படி உயிரை விடுவதை நான் போற்றமாட்டேன். நம் மண்ணில் அதைப் போற்றி நாம் கண்டது போதும். ஆனால் "இரத்தம் சிந்தாத புரட்சி" என்று 2006ஐப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த டாக்சிக்காரரை எங்கே சேர்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்காமல் இருக்கமுடியவில்லை.

2014க்கு வருவோம். மே 22. இம்முறை ஜெனரல் பிரயுத் சான்-ஓ-சா. சண்டை போட்ட கட்சிக்காரர்களைச் சமாதானம் பேசவென்று இராணுவ மண்டபத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, பேச்சு சரிவராததும் அங்கேயே ஆட்சியை எடுத்துக்கொண்டார். இரவு பத்திலிருந்து காலை ஐந்துவரை ஊரடங்கு. அதைத் தளர்த்திய வரிசையைப் பாருங்கள். ஜூன் 3ஆம் தேதி பட்டாயா, புக்கெட், சமுய் தீவு ஆகிய கடற்கரை ஊர்களுக்கு முதலில் விலக்கு. நாடு முழுவதற்கும் ஜூன் 13இல்தான். சம்பந்தி வீட்டார் வந்தால் குடும்பச் சண்டையைக் குசினிக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிற மாதிரி. ஊர்க்காரனுக்கு வீதியில் இறங்கத் தடை இருந்த நேரத்திலும், கடவுச்சீட்டும் விமான டிக்கட்டும் காட்டினால் உல்லாசப் பயணி விமான நிலையத்துக்குப் போகலாம்.

இதைக் கேட்டு நீங்கள் ஆச்சரியப்படமாட்டீர்கள் என்று தெரியும். கொழும்பில் எத்தனை ஊரடங்கு பார்த்திருக்கிறோம்! கட்டுநாயக்க விமான நிலையம் போவதற்கு விமான டிக்கட்டே பாஸ். மருந்து வாங்கப் போகிறவன்தான் சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்லவேண்டும்.

அரசு ஏன் பயணிமேல் இவ்வளவு அக்கறை காட்டுகிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். தாய்லாந்துக்கு 2013இல் வந்தவர்கள் ஏறக்குறைய 265 இலட்சம். 2014இல் 248 இலட்சமாகக் குறைந்தது. 2015இல் 299 இலட்சம்! இராணுவ ஆட்சி அப்படியே இருந்தது, கடற்கரையும் அப்படியே இருந்தது. இதே காலத்தில்தான் எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரலைத் தூக்கிக் காட்டியதற்காகவும், தெருவில் சாண்ட்விச் சாப்பிட்டதற்காகவும் இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாண்ட்விச், ஐயா! அதைப் பயணி தினமும்தான் தின்கிறார். மறுபக்கம் "மக்களுக்கு மகிழ்ச்சியைத் திருப்பித் தருகிறோம்" என்று இராணுவம் இலவச இசை நிகழ்ச்சிகளும் நடத்தியது. உலகக் கிண்ணக் கால்பந்தாட்டத்தை எல்லோரும் இலவசமாகப் பார்க்க ஏற்பாடு செய்தது. மகிழ்ச்சியாக இருக்கும்படி உத்தரவு போட்டால் மகிழாமல் இருக்கமுடியுமா?

சரி, இராணுவத்துக்குப் பூக் கொடுப்பதே குற்றமா? அப்படிச் சொன்னால் போர்த்துக்கல் என்னை மன்னிக்காது. 1974 ஏப்ரல் 25 லிஸ்பனில் இளம் அதிகாரிகள் எழுந்தபோது, வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்றுதான் அவர்களும் வானொலியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சனம் கேட்கவில்லை, தெருவுக்கு வந்தது. செலஸ்டே கயேரோ என்ற உணவகத் தொழிலாளியிடம் ஒரு சிப்பாய் சிகரட் கேட்டான். அவரிடம் சிகரட் இல்லை. அன்று பூட்டிக்கிடந்த உணவகத்திலிருந்து எடுத்துவந்த கார்னேஷன் பூக்கள்தான் கையில் இருந்தன. ஒன்றைக் கொடுத்தார், அவன் அதைத் துப்பாக்கிக் குழாயில் செருகினான். பிறகு நகரம் முழுக்கப் பூ. அங்கே கவிழ்ந்தது 48 வருடச் சர்வாதிகாரம். சரியாக ஒரு வருடம் கழித்து அதே தேதியில் தேர்தல் நடந்தது, நூற்றுக்கு 91 பேருக்குமேல் வாக்களித்தார்கள். அங்கேகூட இரகசியப் பொலிஸ் சுட்டு நான்கு பேர் செத்தார்கள் என்பதைப் பூவைப் பற்றிப் பேசுகிறவர்கள் விட்டுவிடுவார்கள். லிஸ்பனில் சனம் உத்தரவை மீறி வந்தது. பாங்கொக்கில் விடுமுறை கொடுத்ததால் வந்தது. எனக்கு இரண்டும் ஒன்றல்ல.

நமக்கு இன்னும் கிட்டிய உறவு பிஜியில் இருக்கிறது. 1903இலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழரின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். 1987 மே 14 காலை சுவா நகர நாடாளுமன்றத்துக்குள் லெப்டினன்ட் கேணல் சித்திவேனி ரபுக்கா ஆட்களோடு நுழைந்து, பதவியேற்று ஒரு மாதமே ஆன பிரதமர் திமோசி பவட்ராவின் அரசைக் கூண்டோடு லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கும் இரத்தம் சிந்தவில்லை. இந்திய வம்சாவளியினர் கூடுதலாக இருந்த அரசு என்பதே அதன் குற்றம். வெளிநாட்டுப் பயணிகளின் விடுதிகள் பெரும்பாலும் தீவின் மறுகரையில், நந்திப் பக்கம். கடலில் நீந்தியவர்களுக்கு அன்று ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பயணம் இரத்தானபோது, மலிவு டிக்கட் போட்டுப் பயணிகளைத் திரும்ப அழைத்தார்கள். பிஜி டொலரின் பெறுமதியை அதே வருடம் இரண்டு முறை குறைத்தார்கள். பயணிக்கு அதனால் இலாபம். பயணி திரும்பி வந்தார். அடுத்த வருடங்களில் பல்லாயிரக்கணக்கான இந்திய வம்சாவளியினர் அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் போனார்கள், அவர்களைத் திருப்பி அழைக்க மலிவு டிக்கட் யாரும் போடவில்லை.

தெருவில் நின்று கொண்டாடுகிறவர்களை மட்டும் பொதுசனம் என்று கமரா எண்ணிக்கொள்வதைப் பற்றி வெள்ளவத்தைக்காரருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. 2009 மே மாதம் போர் முடிந்ததும் இந்த நகரத்தில் பட்டாசு வெடித்தது, கொடி பறந்தது, சந்திக்குச் சந்தி பாற்சோறு கொடுத்தார்கள். கொழும்பு மகிழ்ந்தது என்று உலகம் எழுதியது. அந்த நாட்களில் உங்கள் வீட்டு ரி.வி. சத்தத்தை எவ்வளவு குறைத்து வைத்திருந்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் நாம் எப்போதும் வீட்டுக்குள்ளே ஒதுங்கி இருப்பவர்கள்தான் என்றும் நினைக்கவேண்டாம். 1962 ஜனவரி 27 இரவு கொழும்பிலேயே ஒரு சதிப்புரட்சி நடக்க இருந்தது. பொலிஸ், இராணுவ, கடற்படை மேலதிகாரிகள் சிலர் திட்டமிட்டார்கள். இரத்தம் சிந்தாமல், ஒரே இரவில் அமைச்சர்களைப் பிடித்து அடைப்பது என்பதே யோசனை. பொலிஸ் அதிகாரி ஸ்டான்லி சேனநாயக்க விஷயத்தை வெளியே விட்டதால் விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. 24 பேர்மேல் வழக்கு, 11 பேருக்குத் தண்டனை. அவர்களுக்கென்றே பின்தேதியிட்டு எழுதிய சட்டம் செல்லாது என்று 1965இல், அப்போது நமக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் அவர்களை விட்டுவிட்டது. பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், ஆங்கிலம் படித்த வீட்டுப் பிள்ளைகள். சிங்களவர், பறங்கியர் மட்டுமல்ல, தமிழரும் இருந்தார்கள்.

அது பலித்திருந்தால் கொழும்புத் தமிழர் என்ன செய்திருப்பார்கள்? 1961 ஜனவரியில்தான் சிங்களம் மட்டும் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஏப்ரலில் யாழ்ப்பாணச் சத்தியாக்கிரகத்தை இராணுவத்தைக் கொண்டு கலைத்து, தமிழரசுக் கட்சித் தலைவர்களைத் தடுத்து வைத்தார்கள். அது நடந்து ஒன்பது மாதத்தில், பெயரைக் கேட்டால் இன்னார் மகன் என்று சொல்லக்கூடிய அதிகாரிகள் பிரதமர் ஸ்ரீமாவோவின் அரசை இறக்கியிருந்தால், கறுவாத்தோட்டத்திலும் பம்பலப்பிட்டியிலும் நம் தாத்தாமார் கேற்றுக்கு வெளியே வந்து நின்றிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாட்டிமார் தேநீர் ஊற்றிக் கொடுத்தனுப்பியிருப்பார்கள். காலி முகத்தில் நின்ற ஹோட்டல் விருந்தாளி ஒருவர் அதைப் படமும் எடுத்திருப்பார். அந்தப் படத்துக்கு வெளியே இருந்திருக்கக்கூடியவர்கள், ஆறு வருடத்துக்கு முன்னால், 1956 தேர்தலில்தான், தங்கள் வாக்குக்கு முதன்முதலாக ஒரு பலன் கண்டதாக நினைத்த சிங்களக் கிராமத்து வாத்தியாரும் ஆயுர்வேத வைத்தியரும்.