காப்பகத்தில் யாரும் வேண்டாம் என்ற நாய், கடலில் ஓர்காவைத் தேடியது எப்படி?

வணக்கம் நண்பர்களே. கறுப்பும் வெள்ளையுமாகக் கடலைக் கலக்கும் ஓர்காவை, அதாவது கொலையாளித் திமிங்கிலத்தை, நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அந்த ஓர்காவின் மலம் அலைமேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு படகு. படகின் முனையில் ஒரு கறுப்பு நாய். காற்றில் மூக்கை நீட்டி, "அதோ அங்கே" என்று திசை காட்டுகிறது. நம்ப முடிகிறதா? உண்மையாக நடந்த வேலை இது. அந்த நாயிடம் பிறகு வருகிறேன். அதற்குள் போய்விடாதீர்கள்.

இன்றைய விஷயம், காப்பகத்திலிருந்து பெரிய நாயைத் தத்தெடுப்பது. அதிலும் துள்ளுகிற, தாவுகிற, ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் நிற்காத நாய். ஏன் தத்தெடுக்க வேண்டும் என்று நான் பாடம் நடத்தப்போவதில்லை. இந்த வீடியோவைத் திறந்தவர்களுக்கு அந்த மனது ஏற்கெனவே இருக்கிறது.

(திரையில்: கூண்டுக் கம்பியில் முன்னங்கால்களை ஊன்றி நின்று குரைக்கும் நாய்)

இந்தக் காட்சியைப் பார்த்ததும் பெரும்பாலானோர் அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் கூண்டில் தெரிவது அந்த நாயின் முழுக் குணம் அல்ல. பக்கத்தில் இருபது நாய்கள் குரைக்கின்றன. வருகிறவர்கள், போகிறவர்கள், கதவு திறக்கும் சத்தம். ஆழ்ந்த தூக்கமே கிடையாது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் 5 காப்பகங்களிலிருந்து நாய்களை ஓரிரு இரவுகள் மட்டும் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவற்றின் சிறுநீரில் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனை அளந்தார்கள். வீட்டில் இருந்தபோது அளவு இறங்கியது. நாய்கள் இடைவிடாமல் நீண்ட நேரம் ஓய்வெடுத்தன. காப்பகத்துக்குத் திரும்பியதும் கார்டிசால் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. நாய் அதே நாய்தான், இடம்தான் மாறியது. எனவே நீங்கள் ஒரு நாயைப் பார்க்கப் போனால், கூண்டுக்கு வெளியே அழைத்துவரச் சொல்லி, அமைதியான ஓர் இடத்தில் அரை மணி நேரமாவது அதோடு இருங்கள். கூண்டு வாசலில் நின்று முடிவெடுக்காதீர்கள்.

அடுத்தது வயது. காப்பகத்தில் இருக்கும் துள்ளல் நாய்களில் பல, ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் இருப்பவை. குட்டியாக இருந்தபோது கொஞ்சினார்கள். உடம்பு வளர்ந்ததும் சமாளிக்க முடியவில்லை என்று கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். இந்தப் பருவத்தைப் பற்றி 2020இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் கண்டறிந்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், அவற்றின் கலப்பு நாய்களுக்கு "உட்கார்" என்று கட்டளை கொடுத்தார்கள். ஐந்து மாதத்தில் ஒழுங்காகக் கேட்ட நாய்கள், எட்டு மாதத்தில் தங்களை வளர்ப்பவர் சொன்னால் முன்புபோல் கேட்கவில்லை. அறிமுகமே இல்லாத ஒருவர் சொன்னால் உட்கார்ந்தன! வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். நல்ல செய்தி, இது கடந்துபோகும் பருவம்.

இப்போது அந்தக் கறுப்பு நாய்.

(திரையில்: படகு முனையில் நிற்கும் நாய், பின்னால் நீலக் கடல்)

அதன் பெயர் டக்கர். லாப்ரடார் கலப்பு. அமெரிக்காவின் சியாட்டில் நகரத் தெருக்களில் அலைந்துகொண்டிருந்த நாய். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் வாசர் என்ற உயிரியலாளர் 1997இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். காட்டு விலங்குகளைப் பிடிக்காமல், மயக்க ஊசி போடாமல், அவற்றின் மலத்தை மட்டும் வைத்து அவற்றின் உடல்நிலையை அறிவது. மலத்தைத் தேட நாய்கள் வேண்டும். அவற்றை எங்கே தேடினார்கள் தெரியுமா? காப்பகங்களில். எந்த நாயை? பந்தைக் கண்டால் பித்துப் பிடிக்கிற நாயை, நாள் முழுக்க ஓடினாலும் அடங்காத நாயை. அதாவது, "எங்களால் முடியாது" என்று குடும்பங்கள் திருப்பிக் கொடுக்கிற அதே நாயை!

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நெகிழ்ந்துபோகிறேன். வீட்டில் குறை என்று சொன்ன குணம், அங்கே வேலைக்குத் தகுதி. வாசனையைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும். அவ்வளவுதான் ஒப்பந்தம். அந்தப் பந்துக்காக நாய் கடலையே துழாவும்.

டக்கருக்குத் தண்ணீரில் நனைவது பிடிக்காது என்பது இதில் இன்னொரு வேடிக்கை. கடலில் வேலை, ஆனால் கால் நனையக் கூடாது! படகில் நின்றபடி காற்றை முகரும். வாசனை வந்த பக்கம் உடம்பு சாயும். காது அசையும். பயிற்சியாளர் அதைப் படித்து, படகோட்டிக்குத் திசை சொல்வார். மலம் மூழ்குவதற்குள் போய்ச் சேர வேண்டும். அப்படிச் சேர்த்த மாதிரிகளிலிருந்து கிடைத்தது என்ன? 2008 முதல் 2014 வரையிலான மாதிரிகளை வைத்து 2017இல் வெளியான ஆய்வில், சியாட்டிலை ஒட்டிய கடற்பகுதிக்கு வரும் ஓர்காக் கூட்டத்தில் கண்டறியப்பட்ட கருத்தரிப்புகளில் 69 சதவீதம் கலைந்துபோயின என்று தெரியவந்தது. ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகச் சொன்னது, அவை உண்ணும் சினூக் சால்மன் மீன் போதுமான அளவில் கிடைக்காதது. ஓர் ஓர்காக் கூட்டத்தின் பசியை உலகுக்குச் சொல்ல இப்படிப்பட்ட மூக்குகள் உதவியிருக்கின்றன.

நம் வீட்டு நாய் கடலுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அதற்கும் அதே மூக்குதான். துள்ளும் நாயை ஓடவிட்டுக் களைக்க வைத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தினமும் ஓடும் நாய் தினமும் பலம் பெறும். அடுத்த மாதம் இன்னும் அதிக தூரம் கேட்கும். ஓட்டமும் நடையும் கட்டாயம் வேண்டும், அதோடு மூக்குக்கும் வேலை கொடுங்கள்.

இன்றே செய்து பாருங்கள். ஒரு கைப்பிடி உலர் உணவைத் தட்டில் போடாமல் புல்லில் தூவுங்கள். புல் இல்லையென்றால் பழைய துண்டில் சுருட்டி வையுங்கள். பிறகு அருகில் உட்கார்ந்து கவனியுங்கள். தலை தாழும். மூக்கு விநாடிக்குச் சுமார் ஐந்து முறை உறிஞ்சும். வெளிவிடும் மூச்சு நாசியின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் போவதால், தரையில் உள்ள தூசி பின்பக்கம் சிதறும். கிடைத்த இடத்தில் வால் வேகமெடுக்கும். முடிந்ததும் பல நாய்கள் தாமாகவே படுத்துவிடும். நடைக்குப் போகும்போதும் இழுத்துக்கொண்டு ஓடாமல், முகர நேரம் கொடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பது கிலோ நாய் இழுத்தால் தோள்பட்டை போய்விடும். மார்புப் பக்கம் வளையம் உள்ள பட்டை போட்டு, அதில் வாரைப் பூட்டுங்கள். இழுத்தால் உடம்பு உங்கள் பக்கம் திரும்பும். மேலே தாவினால் திட்டாதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நான்கு காலும் தரையில் பட்டதும் கொஞ்சுங்கள். முதல் சில நாட்கள் விருந்தாளிகளை அழைக்காதீர்கள். ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு வீங்கி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே குமட்டினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறேன். நடக்கத் தடுமாறும் முதியவரோ தவழும் குழந்தையோ வீட்டில் இருந்தால், துள்ளும் பருவ நாய் இப்போது வேண்டாம். பெரிய நாய்தான் ஆசை என்றால், வயது முதிர்ந்த அமைதியான பெரிய நாயைக் கேளுங்கள். அவற்றையும் யாரும் கேட்பதில்லை.

காப்பகத்துக்குப் போகிறவர்கள், நாய்களைத் தினமும் கவனிக்கும் ஊழியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு பந்தைப் புதருக்குள் போட்டால், இது எவ்வளவு நேரம் தேடும்?" அவர் சொன்ன பதிலைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.